மறுமொழி: ஆந்தாலஜி தொடருக்குத் தமிழில் என்ன சொல்? என் பரிந்துரை 'கதைத்தொகை'

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு முறையும் வேறு கதை, வேறு ஆட்கள் என்று வரும் நிகழ்ச்சியைத்தான் ஆங்கிலத்தில் ஆந்தாலஜி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'தொகைத்தொடர்' என்றே வைத்துவிடலாம். தொகையும் வந்துவிட்டது, தொடரும் வந்துவிட்டது.

அந்தத் 'தொடர்'தான் எனக்கு இடிக்கிறது. ஏன் என்று சொல்ல, வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் சித்தி, "நல்லதா ஏதாவது இருந்தா சொல்லுடா, ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது" என்று கேட்டார். "பிளாக் மிரர்னு ஒரு தொடர் இருக்கு சித்தி, பாருங்க" என்று சொல்லி வைத்தேன். தொடர் என்றதும் அவர் முதலிலிருந்து தொடங்கினார். 2011இல் சேனல் 4இல் வந்த அந்த முதல் கதை தெரியுமல்லவா? பிரிட்டிஷ் பிரதமரையும் ஒரு பன்றியையும் வைத்து மிரட்டும் கதை. பாதியில் நிறுத்திவிட்டார். "ஆரம்பமே இப்படின்னா போகப் போக என்னென்ன காட்டுவானோ, எனக்கு வேண்டாம்பா." அடுத்த கதையில் அந்தப் பிரதமரும் இல்லை, பன்றியும் இல்லை, எல்லாமே புதுசு என்று எவ்வளவோ சொன்னேன். "தொடர்னு நீதானே சொன்னே?" என்றார். அவர் கேட்டது நியாயம். அதே நிகழ்ச்சியில் பின்னால் வரும், இரண்டு பெண்கள் ஒரு கடலோர ஊரில் சந்தித்துக்கொள்ளும் 'சான் ஜுனிப்பெரோ' கதையை அவருக்கு நிச்சயம் பிடித்திருக்கும். நான் தப்பான சொல்லைச் சொன்னதால் அவர் அதுவரை போகவே இல்லை. அந்த ஒரு கதைக்கு 2017இல் எம்மி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? சிறந்த தொலைக்காட்சித் திரைப்படம்! விருது கொடுத்தவர்களே அதைத் தொடரின் ஒரு துண்டாகப் பார்க்கவில்லை, தனிப்படமாகத்தான் பார்த்தார்கள்.

ஆங்கிலத்தில் 'சீரியல்' வேறு, 'சீரிஸ்' வேறு. நாம் இரண்டையும் 'தொடர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கதை நாளை தொடரும் என்கிற வாக்குறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த வாக்குறுதி எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு இன்னொன்று. பாலு மகேந்திராவின் 'கதை நேரம்' சன் டிவியில் வந்த காலம். வேறு வேறு எழுத்தாளர்களின் சிறுகதைகள், மொத்தம் 52. பலவற்றில் மௌனிகாதான் நடித்தார். எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வரும் பக்கத்து வீட்டு அக்கா கொஞ்சம் தாமதமாக வந்து கதவோரம் உட்கார்ந்தார், இடுப்பில் குழந்தை. திரையைப் பார்த்ததும், "ஐயோ, போன தடவை இவளுக்குப் புருஷன் வேற ஆளாச்சே?" என்றார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே பதில் சொன்னார்: "அந்தக் கதை அன்னிக்கே முடிஞ்சு போச்சு. இது தனிக் கதை." அந்த அக்காவுக்குக் குழப்பம் அந்த நொடியே தீர்ந்தது. இந்த விவாதம் தொடங்கிய நாளிலிருந்து அம்மா சொன்ன அந்தத் 'தனிக் கதை' என்ற சொல்தான் என் மனதில் ஓடுகிறது.

> கதம்பத் தொடர், கோவைத் தொடர்: இரண்டில் ஒன்று அழகாக இருக்கும்.

கதம்பம் சொன்னவர் மூலச் சொல்லின் வேரைப் பிடித்திருக்கிறார். கிரேக்கத்தில் அது பூக்களைச் சேர்ப்பது என்ற பொருளில் பிறந்த சொல். ஆனால் கதம்ப நிகழ்ச்சி என்றால் பாட்டு, நடனம், நகைச்சுவை எல்லாம் கலந்து வருவது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இங்கே எல்லாமே கதை. கோவை அதைவிடப் பொருந்தாது. கோவை என்பது காதலைப் பாடும் ஒரு சிற்றிலக்கிய வகை. அதில் தலைவன் தலைவியைக் காணும் காட்சியில் தொடங்கித் துறைகள், அதாவது காதல் நிகழ்வுகள், ஒன்றன்பின் ஒன்றாக முறைப்படி போகும். இடம் மாறினால் கெட்டுவிடும். நமக்கு வேண்டியது நேர் எதிரானது: எங்கிருந்தும் தொடங்கலாம்.

சரி, இனி என் பரிந்துரை. புதிதாக எதையும் நான் படைக்கவில்லை. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலில் செய்யுளை முத்தகம், குளகம் (பல பாட்டு சேர்ந்து ஒரு வினையில் முடிவது), தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். 'முத்தகச் செய்யுள் தனிநின்று முடியும்' என்பது நூற்பா. தனியாக நிற்கும், தானே முடியும்: அம்மா சொன்னதும் இதுதானே! அப்படிப்பட்ட தனிப்பாட்டுகளைச் சேர்த்தால் தொகைநிலை. கதையாகத் தொடர்ந்து போனால் தொடர்நிலை. நம் மரபில் தொகையும் தொடரும் இரண்டு தனித்தனி வகைகள். அதனால்தான் 'தொகைத்தொடர்' என்று ஒட்டும்போது எனக்கு உறுத்துகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது, எதை வைத்துத் தொகுக்கலாம் என்று அந்த நூல் அடுக்கும் வரிசை. ஒருவர் சொன்னது, பலர் சொன்னது, பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு. பொருளால் தொகுத்தது புறநானூறு, பாட்டால் கலித்தொகை, அளவால் குறுந்தொகை. இப்போது நம் நிகழ்ச்சிகளை இதில் பொருத்திப் பாருங்கள். 'பிளாக் மிரர்' பொருளால் தொகை, எல்லாக் கதையிலும் தொழில்நுட்பம் மனிதனை என்ன செய்கிறது என்ற ஒரே கவலை. பிபிசியில் 2014 முதல் 2024 வரை வந்த 'இன்சைடு நம்பர் 9' இடத்தால் தொகை: ஒரு தடவை வீடு, ஒரு தடவை ஒப்பனை அறை, ஒரு தடவை ரயிலின் படுக்கைப் பெட்டி, எங்கேயாவது ஒன்பது என்ற எண் இருக்கும். 'கதை நேரம்' ஒரே இயக்குநரின் கைவண்ணம். 1959இல் தொடங்கி 1964 வரை வந்த 'தி ட்விலைட் சோன்' 156 கதைகள், அதில் 92 ராட் செர்லிங் எழுதியவை. அவரே திரையில் வந்து கதையை அறிமுகம் செய்வார். இந்த நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச வேண்டிய முதல் கேள்வியே 'எது இவற்றைச் சேர்த்துக் கட்டுகிறது' என்பதுதான். அந்தக் கேள்வியை 'தொகை' என்ற சொல் தானாகவே எழுப்புகிறது.

ஆகவே முழு நிகழ்ச்சிக்குக் கதைத்தொகை, அதில் வரும் ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை. முத்தகம் எனக்கு உயிர், ஆனாலும் அதை ஒரு பார்வையாளர் வாயில் வைக்க முடியாது. 'அத்தியாயம்', 'பகுதி' இரண்டையும் இந்த வகைக்கு விட்டுவிடலாம். பகுதி என்றாலே மிச்சம் எங்கோ இருக்கிறது என்றாகிவிடும்.

> தொகை என்றால் பணம் என்று நினைப்பார்கள். கதைக்குக் கொடுத்த சம்பளமா என்று கேட்பார்கள்.

இந்தத் தடை உண்மையானது, நானும் தயங்கினேன். அப்புறம் 'மக்கள்தொகை' நினைவுக்கு வந்தது. தினமும் செய்தியில் வருகிறது, அதைக் கேட்டு யாரும் பணத்தை நினைப்பதில்லை. முன்னால் வரும் சொல் பொருளைக் காட்டிவிடும். புத்தகமான சிறுகதைத் தொகுப்போடு குழம்பும் என்றால் முதல் முறை 'சின்னத்திரைக் கதைத்தொகை' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

பார்வையாளர்கள் இவற்றைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். நெடுந்தொடர் என்றால் "இழுக்கறாங்க" என்பார்கள். 2021இல் ஒன்பது கதைகளோடு 'நவரசா' நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது நான் கேட்டதெல்லாம் "அந்தக் கதை நல்லா இருக்கு, இது சுமார், அதை விட்டுட்டு அடுத்ததைப் பாரு" என்கிற மாதிரிதான். ஒன்பதையும் தனித்தனியாக நிறுத்தி எடை போட்டார்கள். மக்கள் ஏற்கனவே சரியாகத்தான் பார்க்கிறார்கள், பெயர்தான் பின்தங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் பெயர் தேடக்கூட இல்லை. சென்னைத் தொலைக்காட்சியில் செவ்வாய்க்கிழமை வந்ததால் 'செவ்வாய்க்கிழமை நாடகம்'. பிபிசியும் 1964இல் அதையேதான் செய்தது: 'தி வெட்னஸ்டே ப்ளே', புதன்கிழமை நாடகம்! கிழமையைச் சொன்னாலே புரிந்தது. இப்போது எல்லாம் எந்நேரமும் கிடைப்பதால் கிழமை உதவாது.

ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' மாதிரி நிகழ்ச்சிகளை எங்கே வைப்பது? 'ரகசியம்' பல வாரம் ஓடி முடியும், பிறகு 'விடாது கருப்பு' என்று வேறு ஊர், வேறு ஆட்கள். அமெரிக்கத் துப்பறியும் நிகழ்ச்சியான 'ட்ரூ டிடெக்டிவ்' அதே அமைப்புதான். உள்ளே தொடர்நிலை, வெளியே தொகைநிலை. ஒருவேளை இதற்குத்தான் 'தொடர்த்தொகை' பொருந்துமோ? இலக்கணம் அறிந்தவர்கள் சொற்கள் சேரும் புணர்ச்சி விதியையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லுங்கள். தொடரின் ஒரு பகுதியை இலங்கை நண்பர்கள் 'அங்கம்' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தனிக்கதைக்கும் அதையே சொல்வீர்களா?

அன்புடன்