பொங்கலையொட்டி நடக்கிற கலைத் திருவிழாவான சென்னை சங்கமத்தில் கணியான் கூத்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? தெற்கே கோயில் திருவிழாக்களில் சாமி கதையைப் பாடி ஆடுகிற கூத்து அது.

சங்கமத்தின் சாப்பாட்டுக் கடைகள், கூட்டம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காத அவதி எல்லாவற்றையும் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டீர்கள். நான் கணியான் கூத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெசன்ட் நகர் கடற்கரை, பொங்கல் சமயத்து மாலை. பறையாட்டம் முடிந்து கரகாட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் வேன் ஓரமாக இரண்டு பேர் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, மகுடம் என்கிற தோல் வாத்தியத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடுகிறது. விரலால் ஒரு தட்டு, காதோரம் வைத்து ஒரு கேட்பு, மறுபடி தீ. ஒரு மகுடம் மேல் ஓசை தரும் உச்சம், இன்னொன்று தாழ்ந்த ஓசை தரும் மந்தம். உச்சம் சீக்கிரம் ஏறிவிட்டது, மந்தம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அறிவிப்பாளர் ஆள் அனுப்பி அவசரப்படுத்தினார். இருவரில் பெரியவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சத்தம் சரியான பிறகுதான் எழுந்தார்.

மேடையில் கதை பாடுகிற அண்ணாவி, பின்பாட்டுக்காரர், மகுடக்காரர்கள் இருவர், சேலை கட்டிச் சலங்கை பூட்டிய ஆண்கள் இருவர். காவல் தெய்வமான சுடலைமாடன் பிறந்த கதையை எடுத்தார் அண்ணாவி. பார்வதி முந்தானை ஏந்தி விளக்குச் சுடரில் பிள்ளை வாங்குகிறாள். அந்த இடத்தில் மகுடம் இரண்டும் தணிந்து, குரல் மட்டும் தனியாக நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கைகூப்பிவிட்டார். "எங்க ஊர் மாடன் பாட்டும்மா, கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்றார். வேளச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறாராம்.

பிள்ளை சுடுகாட்டுக்குப் போகிற கட்டம் வந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டினார்கள். மொத்தமே கால் மணி நேரம்தான். அந்தக் கதை ஊரில் எப்படி முடியும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

அக்கா, எனக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் ராதாபுரம் பக்கம். எங்கள் ஊரில் அது ஒரு மணி நேரத்தில் முடிகிற கதை இல்லை. கொடை என்கிற கோயில் திருவிழா அன்றைக்கு ராத்திரி தொடங்கினால், நடுச்சாமப் பூசையான சாமக்கொடை தாண்டியும் போகும். கணியான்கள் கையில் காப்புக் கட்டித்தான் ஆடுவார்கள். சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போக எழும்பும்போது மகுடம் அடிக்கிற அடி இருக்கிறதே, சின்ன வயதில் அம்மா மடியை விட்டு நான் நகர மாட்டேன். சில கோயில்களில் கணியான் தன் கையைக் கீறி மாடனுக்கு ரத்தம் கொடுக்கிற சடங்கும் உண்டு. அதை மேடையில் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. அது சாமிக்கும் அவருக்கும் உள்ளது.

இதனால் சங்கமம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கணியான்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ள சிறு சமூகம். கொடை நடக்கிற மாதங்களில்தான் கைநிறைய வேலை. எங்கள் பக்கத்திலேயே பல கோயில்களில் இப்போது கச்சேரி வைத்துவிட்டு, கூத்தைப் பேருக்கு நடத்துகிறார்கள். கூத்தாடுகிற ஒருவர் என்னிடம் சொன்னது: "மெட்ராசுல ஆடிட்டு வந்தோம்னு தெரிஞ்ச பிறகு எங்க ஊர்க்காரங்களே நின்னு பாக்காங்க." இது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் சந்தோஷம்தான்.

கொடை பார்க்க வருவதாக இருந்தால் சித்திரையில் வாருங்கள். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

*

நான் செய்யாற்றுக்காரன். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை எங்கள் பக்கம். 2007இல் சங்கமம் தொடங்கிய காலத்திலும் போயிருக்கிறேன், நடுவில் பல வருடம் நின்று 2023இல் திரும்ப வந்த பிறகும் போகிறேன். இரண்டிலும் எனக்குள்ள குறை ஒன்றுதான், நேரம்.

எங்கள் கூத்தில் வேஷக்காரர் சட்டென்று மேடைக்கு வந்துவிட மாட்டார். இருவர் திரையைப் பிடித்திருப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாடுவார். முதலில் கிரீடத்தின் நுனி தெரியும், அப்புறம் சலங்கைக் கால். கோமாளியான கட்டியக்காரன் இந்தப் பக்கம் நின்று வம்புக்கு இழுப்பான். துரியோதனன் முகம் காட்டுவதற்குள்ளேயே சங்கமத்தில் கொடுக்கிற நேரத்தில் பாதி போய்விடும். அதனால் இங்கே திரையைச் சுருக்கிவிட்டு நேராகச் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். அரிதாரம் பூசி, கட்டைகள் என்கிற மர அணிகளைக் கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகிறது. அத்தனையும் செய்துகொண்டு வருகிறவருக்கு இருபது நிமிடம் கொடுத்தால் எப்படி?

பட்டணத்துக் கூட்டம் உட்காராது என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராத்திரி காட்சி சினிமா முடிந்து ஒரு மணிக்கு வீடு திரும்புகிற கூட்டம்தானே இது? எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்க்கிறவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். ராத்திரியெல்லாம் விழித்திருந்து, காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனை பீமன் அடிக்கிறதையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

எல்லா இடத்திலும் வேண்டாம். ஒரே ஒரு பூங்காவில், ஒரே ஒரு இரவு, விடியும்வரை ஒரு கூத்து. அடுத்த இரவு கணியான் கூத்துக்கு. பாய், போர்வையோடு வரலாம் என்று முன்கூட்டியே அறிவித்தால் போதும். இதைக் கோரிக்கையாக எழுதி அனுப்பப் போகிறேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.