புதுப்பிப்பு: கால்ஹூன் குடும்பத்தின் பெண்கள் எங்கே?

அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜான் சி. கால்ஹூனின் முன்னோரைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அயர்லாந்தின் டொனிகலிலிருந்து 1733 வாக்கில் பென்சில்வேனியாவுக்கு வந்த ஸ்காட்ச்-ஐரிஷ் குடும்பம் (அயர்லாந்தில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களின் வழிவந்தவர்கள்). அப்புறம் வர்ஜீனியா, 1756இல் தென் கரோலினாவின் லாங் கேன்ஸ். ஆண்கள் பெயர்தான் வருகிறது, பெண்கள் எங்கே என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

ஜான் கால்ஹூனின் பாட்டி கேத்தரினைப் பொறுத்தவரை கல்லறைக் கல்லே பதில் சொல்கிறது. 1760 பிப்ரவரி 1 அன்று, ஜார்ஜியாவின் அகஸ்டாவுக்குத் தப்பிப் போய்க்கொண்டிருந்த குடியேறிகளின் வண்டிகளைச் செரோக்கியர் என்ற அமெரிக்கப் பூர்வகுடியினர் தாக்கினார்கள். மகன் பேட்ரிக் நட்ட கல்லில் தாயின் வயது 76, உடன் இறந்தவர்கள் 22 பேர் என்று பொறித்திருக்கிறது. ஆக, பிறந்தது 1684ஐ ஒட்டி. (கல்லில் உள்ள வயதை ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாக எடுத்துக்கொள்வது நல்லது.) தங்கள் நிலத்தில் இவர்கள் புகுந்துவிட்டதாகச் செரோக்கியர் கருதினார்கள், அதெல்லாம் கல்லில் வராது.

சரி, வர்ஜீனியாவில் மற்ற குடும்பங்களைத் தேடுபவர்களுக்கு: அங்குள்ள அகஸ்டா கவுண்டியை (மாவட்டம் போன்றது; ஜார்ஜியாவின் அகஸ்டா வேறு) 1738இல் ஆரஞ்சு கவுண்டியிலிருந்து பிரித்தாலும் அதன் நீதிமன்றம் 1745இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையதெல்லாம் ஆரஞ்சு கவுண்டிப் பதிவேடுகளில் கிடக்கிறது. 1740இல் அங்கே பலர், தலைக்கு 50 ஏக்கர் கேட்டு, அயர்லாந்திலிருந்து சொந்தச் செலவில் யார் யாரை அழைத்துவந்தோம் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். மனைவி, பிள்ளைகள் பெயர் அதில் வரும். நிலப் பத்திரத்துக்கு முன்னால் அதைப் புரட்டுங்கள்.