வாய் பொத்தினால் பிடி செல்லாது

குழு: எங்கட ஆக்கள்
ஞாயிற்றுக்கிழமை

சித்தி, காலை 7:08
பிள்ளையள், ராத்திரி விளையாடின இடத்தில என்ன நடந்தது? இவள் பதினொரு மணிக்கு வந்து சாப்பிடாமல் படுத்திட்டாள். கண் சிவந்து கிடக்கு. கேட்டால் "செத்துப்போனாள் அம்மா" எண்டு மட்டும் சொல்லுறாள். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு.

நான், 7:15
பயப்பிடாதேங்கோ சித்தி. ஆருக்கும் ஒண்டும் இல்லை. விளையாட்டில அக்கான்ர பாத்திரம் செத்திட்டுது. அந்தக் குள்ள மந்திரக்காரி. ரெண்டு வருசமா அக்கா அவளைத்தான் கொண்டு வந்தவ.

சித்தி, 7:16
கொப்பியில கீறி வைச்சிருக்கிற குட்டிப் பெட்டையோ?

நான், 7:16
ஓம். அவள்தான்.

சித்தி, 7:17
ஐயோ. அவளின்ர சட்டைக்கு நிறம் நான்தான் சொல்லிக் குடுத்தனான்.

சின்னக்கா, 7:31
அம்மா, செத்ததுக்கு நான் அழேல்லை. பாத்திரம் எண்டால் சாகும். பிழையான விதியில செத்ததுதான் தாங்கேலாமல் கிடக்கு. அண்ணை, எல்லாரும் களைச்சுப் போனியள் எண்டு ராத்திரி நான் வாய் திறக்கேல்லை. வீட்டை வந்து புத்தகத்தை எடுத்துப் பாத்தனான். ஓகர் என்னைப் பிடிச்சது சரி. பிடிச்சாப்பிறகு நீங்கள் சொன்னது அங்க இல்லை.

பெரியண்ணை, 7:40
சொல்லு தங்கச்சி. நானும் புத்தகத்தை எடுக்கிறன்.

மாமா, 7:42
இந்த ஓகர் எண்டது என்ன சாமான்?

நான், 7:43
அரக்கன் மாதிரி மாமா. ஒன்பது பத்தடி உயரம். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் எண்ட விளையாட்டில வாறது. பெரியண்ணைதான் கதை நடத்துறவர். அரக்கனுக்கு அவர் டைஸ் உருட்டுவார், எங்கட பாத்திரத்துக்கு நாங்கள் உருட்டுவம்.

சின்னக்கா, 7:52
நடந்ததை ஒழுங்கா எழுதிறன். நாங்கள் விளையாடுறது விதிப் புத்தகத்தின்ர 2014 பதிப்பு. ஓகர் பத்தடி நடந்து வந்து என்னைப் பிடிக்கப் பாத்தது. அதுக்கு ரெண்டு பேரும் உருட்ட வேணும். அதின்ர பலம் 19, அதால 4 கூடும். அதுக்கு 14 விழுந்து 18. எனக்கு 9 விழுந்து, சுறுசுறுப்புக்கு 3 சேர்த்து 12. தோத்திட்டன். சரி. பிறகு மிச்சம் முப்பது அடிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போனது.

நான், 7:54
அங்கதான் எனக்குச் சந்தேகம். பிடிச்சு இழுத்துக்கொண்டு போனால் வேகம் பாதியாக வேணுமே?

சின்னக்கா, 7:56
இல்லையடா. ஓகர் பெரிய அளவு, நான் சின்ன அளவு. ரெண்டு படி சின்னவளைத் தூக்கினால் வேகம் குறையாது. அதை அண்ணை சரியாத்தான் செய்தவர். ஒரு கையால என்னைப் பிடிச்சிருக்கேக்க ரெண்டு கைத் தடியால என்னை அடிக்கவும் விடேல்லை. அதுவும் நியாயம்.
அடுத்தது என்ர முறை. மிஸ்டி ஸ்டெப் எண்ட, சட்டெண்டு இடம் மாறுற மந்திரத்தைப் போடுறன் எண்டனான். "வாயைப் பொத்திப் பிடிச்சிருக்கு, மந்திரம் சொல்லேலாது" எண்டிட்டியள். திமிறிப் பாத்தன், சரிவரேல்லை. அடுத்த முறையில உள்ளுக்குத் தள்ளினது. அறுபது அடி விழுந்து 23 சேதம். என்னட்டை இருந்த உயிர்ப் புள்ளி 19. மயங்கிக் கிடந்து, சாவு உருட்டலிலயும் மூண்டு தரம் தோத்துச் செத்தன்.

பெரியண்ணை, 7:58
ஓம். அப்பிடித்தான் சொன்னனான்.

சின்னக்கா, 8:01
பிடிபட்டால் புத்தகத்தில உள்ளது ஒண்டுதான்: வேகம் பூச்சியம். கை கட்டுப்படேல்லை, வாயும் கட்டுப்படேல்லை. வாள் வைச்சிருக்கிறவன் பிடிபட்டபடியே வெட்டலாம். மிஸ்டி ஸ்டெப்புக்கு வாயால ஒரு சொல் போதும், முப்பது அடிக்குள்ள கண்ணுக்குத் தெரியிற வெறும் இடத்தில போய் நிக்கலாம். கைக்கு எட்டாத தூரம் போனால் பிடி தானாய் விட்டுப்போகும். தண்டர்வேவ் எண்ட இடி மந்திரம் அடிச்சு எறியுப்பட்டால் பிடி விடும் எண்டு உதாரணமே அங்க எழுதிக் கிடக்கு.

மாமா, 8:09
பொறுங்கோ பிள்ளையள். எனக்கு உந்த மந்திரம் ஒண்டும் தெரியாது. பிடி தெரியும். இருபது வருசம் எங்கட ஊர்க் கழகத்துக்குக் கபடியில கால் பிடிச்சவன் நான்.
பாடி வாறவனை எப்பிடியும் பிடிக்கலாம். கால், இடுப்பு, தோள், எல்லாம் பிடி. வாயைப் பொத்தக் கூடாது. கழுத்தை நெரிக்கக் கூடாது. பொத்தி அவன்ர பாட்டை நிப்பாட்டினால் அந்தப் பிடி செல்லாது, பாடி வந்தவன் ஆட்டமிழக்க மாட்டான். ஒருமுறை எங்கட பெடியன் ஒருத்தன் அவசரத்தில பொத்திப்போட்டான். நடுவர் விசில் அடிச்சிட்டார். எங்களுக்கு நல்ல கோபம், ஆனால் அவர் செய்தது சரி.
இன்னொண்டு. கணுக்காலை நான் எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் கால்தான் நிக்கும். கை போகும். விழுந்து கிடந்தபடி விரல் நுனியை நடுக்கோட்டில வைச்சானெண்டால், அவனைப் பிடிச்ச நாங்கள் அவ்வளவு பேரும் வெளியில. ஏழு பேரும் பிடிச்சிருந்தால் ஏழு பேரும்.

சின்னக்கா, 8:11
மாமா, இதைத்தான் நான் ராத்திரி முழுக்க யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். நீங்கள் நாலு வரியில சொல்லிப்போட்டியள்.

பெரியண்ணை, 8:26
தங்கச்சி, பிழை என்னில. வாய் பொத்துறது எங்கயிருந்து வந்தது எண்டும் இப்ப விளங்குது.
நான் முதல் பழகினது 2003இல வந்த 3.5 பதிப்பு. அதில ஒராளைப் பிடிக்கிறதெண்டால் பெரிய வேலை. கையை நீட்டின உடனை மற்றவனுக்கு இலவசமா ஒரு அடி. அது படாமல் தப்பி முதல்ல தொட வேணும். பிறகு ரெண்டு பேரும் உருட்ட வேணும், பெரிய உடம்புக்கு ஒவ்வொரு படிக்கும் 4 கூடும். அதிலயும் வெண்டால் அவன் நிண்ட இடத்துக்கே நகர வேணும். ஆரும் "பிடிக்கிறன்" எண்டால் மேசையில எல்லாரும் பெருமூச்சு விடுவம். அரை மணித்தியாலம் புத்தகம் புரட்ட வேணும்.
அந்தப் பதிப்பில பிடிக்கு மேல இன்னொரு படி இருந்தது, அசைய விடாமல் அமுக்கிறது. அமுக்கினாப்பிறகு மற்றவனைப் பேச விடாமல் செய்யலாம் எண்டு விதியே இருந்தது. என்ர மண்டையில நிண்டது அதுதான். அந்த விதியில பாத்தாலும் நேற்றைய ஓகர் உன்னை அமுக்கேல்லை, பிடிச்சது மட்டும்தான். வெறும் பிடிக்குள்ள இருந்து வாயால மட்டும் சொல்லுற மந்திரத்தை அதிலயும் போடலாம். கஷ்டமான உருட்டல், 20ஓட மந்திரத்தின்ர நிலையையும் கூட்டின அளவு எடுக்க வேணும். எப்பிடிப் பாத்தாலும் உனக்கு ஒரு வழி இருந்திருக்கு. அதை நான் அடைச்சுப்போட்டன்.

சின்னக்கா, 8:29
அண்ணை, எனக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.

நான், 8:33
அண்ணை, 2024 பதிப்புக்கு மாறுவமோ? அதில பிடிக்கிறது இன்னும் சுகம். பிடிக்கிறவர் உருட்டத் தேவையில்லை. 8, பலத்தால கூடுறது, தேர்ச்சியால கூடுறது மூண்டையும் கூட்டினால் ஒரு எண். பிடிபடுறவர் மட்டும் உருட்டித் தப்ப வேணும்.

பெரியண்ணை, 8:36
அதில இன்னொரு நல்ல விசயமும் இருக்கு. பிடிபட்டவர் பிடிச்சவரை விட்டிட்டு வேற ஆளை அடிக்கப் பாத்தால் ரெண்டு டைஸ் உருட்டிக் குறைஞ்சதைத்தான் எடுக்க வேணும். முன்னுக்கு நிண்டு மற்றவையைக் காக்கிறவனுக்கு அது பெரிய உதவி.

சின்னக்கா, 8:41
அது நல்லதுதான். ஆனாலும் எனக்குப் பழையது வேணும். மல்லுக்கட்டு எண்டால் ரெண்டு பேரும் கட்ட வேணும். அந்த 18ம் 12ம் ஒரே நேரத்தில மேசையில விழேக்க எனக்கு உண்மையா ஆரோ பிடிச்ச மாதிரி இருந்தது. தோத்தது நான் உருட்டித் தோத்தது. அதை எடுத்துப் போடாதேங்கோ.

மாமா, 8:43
பிள்ளை சொல்லுறது சரி. பிடிக்கிறவன் பலத்தைக் காட்ட வேணும், பிடிபட்டவன் திமிறிக் காட்ட வேணும்.

பெரியண்ணை, 8:50
சரி, 2014தான். இனி பிடிபட்டால் கால் மட்டும்தான் நிக்கும். கதை நடத்தேக்க முன்னுக்கு வைக்கிற என்ர திரையின்ர உள்பக்கத்தில இதை எழுதி ஒட்டிறன். நேற்று அதுக்குப் பிறகு நடந்ததை என்ன செய்வம்? தம்பி, நீ ஓகரைக் கொன்றுபோட்டு அதின்ர பெட்டகத்தை எடுத்தனி.

நான், 8:52
பெட்டகம் வேண்டாம் அண்ணை. அக்கான்ர முறைக்குத் திரும்பிப் போவம். எனக்கும் ஒரு கேள்வி இருக்கு. நான் ஓகரைப் பிடிக்கலாமோ? நேற்று அது பெரிய உடம்பு எண்டு நினைச்சுக் கேக்காமல் விட்டிட்டன். ரெண்டு கையாலயும் பெரிய வாளைப் பிடிச்சிருந்தனான்.

பெரியண்ணை, 8:55
பிடிக்கலாம். உன்னைவிட ஒரு படி பெரிய ஆள் வரைக்கும் சரி, ஓகர் ஒரு படிதான். பெரிய வாளை ஒரு கையில வைச்சிருக்கலாம், வெட்டத்தான் ரெண்டு கை வேணும். மற்றக் கையால பிடி. பிடிச்சால் அது தங்கச்சிக்குப் பின்னால ஓடேலாது.

சித்தி, 8:58
இவள் எழும்பிக் கொப்பியை எடுத்துக்கொண்டு குசினிக்கை வந்து இருக்கிறாள். ராத்திரி அந்தப் படத்துக்குக் குறுக்கால ஒரு கோடு கீறிப்போட்டாளாம். அழிரப்பர் தேடுறாள்.

பெரியண்ணை, 9:02
தங்கச்சி, சனிக்கிழமை வரைக்கும் என்னத்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்? முதல் முறையை இங்கயே எடுப்பம். ஓகரின்ர கை உன்ர இடுப்பில. பின்னால கிணறு. தம்பி இருபது அடிக்கு அங்கால நிக்கிறான். உன்னட்டை ரெண்டாம் நிலை மந்திரம் ஒண்டு போட ஸ்லாட் ஒண்டு மிச்சம் இருக்கு. வாயை ஒருத்தரும் பொத்தேல்லை. என்ன செய்யிறாய்?

சின்னக்கா, 9:03
மிஸ்டி ஸ்டெப். தம்பிக்குப் பின்னால.