மருத்துவமா, கால்நடை மருத்துவமா? மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை மாணவி:
நீட்டில் இரண்டாம் முறையும் மதிப்பெண் போதவில்லை. பிளஸ் 2 மதிப்பெண்ணுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. இன்னொரு வருடம் நீட்டுக்குப் படி என்கிறார் அப்பா. இதற்கு நடுவில் வியாசர்பாடியில் மாமா வீட்டுப் பசு கன்று போட்ட மறுநாள் விழுந்துவிட்டது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு, காது சில்லிட்டுக் கிடந்தது. அத்தை அழத் தொடங்கிவிட்டார். வந்த டாக்டரம்மா பால் காய்ச்சல் என்றார். பெயர்தான் காய்ச்சல், கால்சியம் குறைந்துபோவதுதான் நோய். கழுத்து ரத்தக்குழாயில் ஊசியைச் செருகி, ஒரு கையால் கால்சியம் பாட்டிலை உயர்த்திப் பிடித்தார். மறு கையால் ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடுமாம். பாட்டில் தீர்வதற்குள் மாட்டின் தொடை நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று கன்றைத் தேடியது. வீட்டில் "மாட்டு டாக்டரா?" என்று கேட்கும்போதெல்லாம் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

ராயபுரம் டாக்டர்:
ஒரு பசு எழுந்ததைப் பார்த்து வாழ்க்கையைத் தீர்மானிக்காதீர்கள் அம்மா. பயிற்சி மருத்துவராக இருந்தபோது காசிமேட்டிலிருந்து பதினொரு வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். நாய் கடித்து இரண்டு மாதம். கடிவாயில் மஞ்சள் வைத்துக் கட்டியதோடு சரி, ஊசி போடவில்லை. தாகம் என்றான். தம்ளரை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான். வாயருகே கொண்டுபோனதும் தொண்டை இறுகியது. குடிக்கவும் முடியவில்லை, தம்ளரை விடவும் மனமில்லை. அறிகுறி வந்த பிறகு ரேபிஸில் பிழைப்பவர்கள் இல்லை என்றே சொல்லலாம். அதை அவன் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். எம்.பி.பி.எஸ். கேட்கிறவர்கள் அந்த நிமிடத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

மாதவரம் கால்நடை மருத்துவர்:
டாக்டர் சார், அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அந்தப் பையன் உங்களிடம் வந்தே இருக்கமாட்டான். அது எங்கள் வேலை. அதையும் மனித மருத்துவத்தின் கணக்கில் எழுதுகிறீர்களே!

என்னுடையது சின்னது. மாணவனாக இருந்தபோது ஒரு பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுப் பிளாஸ்டிக் பைகளை எடுத்தேன். ஒரு பையில் கடைப்பெயர்கூட அழியவில்லை. 2019-இல் வேப்பேரியில் ஒரே பசுவிடமிருந்து 52 கிலோ எடுத்தார்கள்.

மாணவிக்குச் சொல்கிறேன். இரண்டு படிப்புமே பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுதான். நம் மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை இடங்களுக்குப் பிளஸ் 2 மதிப்பெண் போதும். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில்தான் இருக்கிறது, உங்களுக்கு ஒரு பஸ் தூரம். அங்குள்ள மருத்துவமனைக்கு மூன்று நாள் காலையில் போய்ப் பாருங்கள். நாய், பூனையோடு முடிகிற படிப்பு இல்லை இது. கோழிப்பண்ணை, இறைச்சிப் பரிசோதனை, பால், ஆய்வகம் எல்லாம் உண்டு. வாடை பிடிக்காவிட்டால் முதல் நாளே தெரிந்துவிடும். அப்பாவையும் அழைத்துப் போங்கள். நீட்டை மூன்றாம் முறை எழுதுவதானாலும், இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ராயபுரம் டாக்டர்:
நாய்க்கு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடித்த அன்றே பையனுக்குப் போட்டிருந்தாலும் பிழைத்திருப்பான். யாராக இருந்தாலும் கடிபட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.