கையேந்தி பவனா, கண்ணாடிக் கதவா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மதுரையிலிருந்து:

சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறிதோசை சாப்பிட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கல்லில் மாவைக் கனமாக ஊற்றி, அதன்மேல் முட்டையைப் பரப்பி, முட்டை பாதி வெந்ததும் கறியை மசாலாவோடு அள்ளி வைத்து அழுத்தி, அப்படியே திருப்பிப் போட்டு, கறி நேரடியாகக் கல்லில் பட்டு ஓரம் முறுகும் வரை காத்திருப்பார்கள். அந்த முறுகல்தான் கறிதோசையின் உயிர்.

அண்மையில் உறவினர் ஒருவர் எங்களைப் புறவழிச் சாலையோரம் புதிதாகத் திறந்திருக்கும் உயர்தர உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். உணவுப் பட்டியலில் ‘பாரம்பரியக் கறிதோசை’ என்று கண்டதும் ஆவலோடு சொன்னேன். வந்ததோ அகலமான வெள்ளைத் தட்டின் நடுவில் நான்கு முக்கோணத் துண்டுகள். தோசையைத் தனியே சுட்டு, கறியைத் தனியே சூடாக்கி மேலே வைத்திருந்தார்கள். கையில் எடுத்த உடனேயே கறி வழுக்கித் தட்டில் விழுந்தது. உச்சியில் அலங்காரமாகச் சில கீரைத் தளிர்கள் வேறு. வரி நீங்கலாகவே மெஸ்ஸைப் போல மூன்று மடங்கு விலை.

சமையற்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபிரைடு ரைஸ், நான் ரொட்டி, பாஸ்தா, பிரியாணி என்று பத்துப் பக்கப் பட்டியலை ஒரே அடுப்படி சமாளிக்க வேண்டுமென்றால், கறியை முன்கூட்டியே வேகவைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கி வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. நாலைந்து பண்டங்களை மட்டும் செய்யும் சிறு கடையிலோ காலையில் வாங்கிய கறி இரவுக்குள் தீர்ந்தாக வேண்டும். தீர்ந்துவிட்டால் ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லத் தயங்காத கடையைத்தான் நான் நம்புகிறேன். இதனால் மலிவானதெல்லாம் ருசியானது என்று ஆகிவிடாது. சால்னா என்ற பெயரில் மிளகாய்த்தூள் கலந்த வெந்நீரை ஊற்றும் கடைகளுக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

சிங்கப்பூரிலிருந்து:

இங்கே இந்த வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். தெருவோர வியாபாரிகளுக்கு உரிமம் கொடுத்து, தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்குள் அவர்களைக் குடியமர்த்தும் பணியை அரசாங்கம் 1980களின் நடுப்பகுதிக்குள் முடித்துவிட்டது. மலிவு உணவுக்குத் தூய்மையைப் பலிகொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2016இல் சைனாடவுன் உணவங்காடியில் சோயா சாஸ் கோழிச் சோறு விற்ற கடைக்கே, உலகின் சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அப்போது ஒரு தட்டு ஏறக்குறைய இரண்டு வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). பிறகு கடை விரிவடைந்து கிளைகளும் திறந்த நிலையில், 2021இல் அந்த நட்சத்திரம் கைவிட்டுப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் வழக்கமாகப் போவது லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையம் என்ற உணவங்காடிக்கு. மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம்பிடித்துவிட்டு, மட்டன் பிரியாணிக்கு வரிசையில் நிற்பேன். முன்னால் நிற்பவர் அலுவலக உடையில் இருப்பார், பின்னால் நிற்பவர் கட்டுமானத் தளத்திலிருந்து நேரே வந்திருப்பார். இருவருக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு.

குடும்ப நிகழ்ச்சி ஒன்றுக்காகச் சென்ற ஆடம்பர உணவகத்தில், நாங்கள் கேளாமலேயே மேசையில் வைத்த வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கெழுதியிருந்தார்கள். அதற்குமேல் ‘பிளஸ் பிளஸ்’ என்று இங்கே எல்லாரும் சொல்வது: 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 100 வெள்ளி என்று பட்டியலில் படித்தவர் 119 வெள்ளி 90 காசு கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்.

சென்னையிலிருந்து:

இருவரும் சொல்வதை ஏற்றுக்கொண்டாலும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மாமனாருக்கு முழங்கால் வலி. அவரால் நின்றுகொண்டு சாப்பிடவும் முடியாது, கழிப்பறை இல்லாத இடத்தில் அதிக நேரம் இருக்கவும் முடியாது. அவரோடு வெளியே செல்லும்போது குளிர்சாதனமுள்ள உணவகத்தையே தேடுகிறோம். அங்கே கொடுக்கும் கூடுதல் பணம் சாப்பாட்டுக்கானதல்ல, நாற்காலிக்கானது என்று தெரிந்தே கொடுக்கிறோம்.

தனியாகச் செல்லும் நாட்களில் எங்கள் தெருமுனையில் ஓர் அம்மா போடும் இட்லிக் கடைதான். துணி விரித்த தட்டில் ஊற்றிய இட்லியைக் கவிழ்த்து, துணியின்மேல் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கும்போதே ஆவி முகத்தில் அடிக்கும். ஆனால் அதே தெருவில் பஜ்ஜி போடும் கடைப் பக்கம் நான் போவதில்லை; வாணலியில் எண்ணெய் கறுத்து நுரைத்துக்கொண்டிருக்கிறது. பெரிய உணவகமாக இருந்தால் அந்த எண்ணெய் நம் கண்ணில் படாமல் உள்ளே இருக்கும், அவ்வளவுதான்.

கோவையிலிருந்து:

பில் பற்றி ஒரு தகவல் மட்டும். இந்தியாவில் சேவைக் கட்டணத்தை உணவகம் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025இல் அவற்றை உறுதிசெய்தது. சென்ற மாதம் ஓர் உணவகத்தில் இதை அமைதியாக எடுத்துச் சொன்னேன். மேலாளர் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கட்டணத்தை நீக்கிப் புதிய பில் கொடுத்தார். மறுத்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்திருப்பேன்.

மீண்டும் மதுரையிலிருந்து:

சென்னையிலிருந்து எழுதியவர் சொன்ன நாற்காலிக் கணக்கு மிகவும் சரி. வயதானவர்களை அழைத்து வருவோருக்கு ஒரு யோசனை: கூட்டம் சேர்வதற்கு முன்பே மெஸ்ஸுக்குச் சென்றுவிட்டால் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும், பரிமாறுபவருக்கும் நின்று பேச நேரம் இருக்கும். கறிதோசையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்று வெந்து வருவதற்கே நேரமாகும்.