பூவா தலையா போட்டு வந்த கோப்பையா? இத்தாலி, 1968

வலதுவிளிம்பு:
1968-இல் இத்தாலி சொந்த மண்ணில் நாடுகளுக்கான ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை வென்றதைப் பெரும் சாதனையாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜூன் 5 அன்று நேப்பிள்ஸில் சோவியத் யூனியனுடன் ஆடிய அரையிறுதி, கூடுதல் நேரத்துக்குப் பிறகும் கோலின்றி முடிந்தபோது, இரு அணித்தலைவர்களும் நடுவரோடு உள்ளே போனார்கள். நாணயம் சுண்டப்பட்டது. இத்தாலியின் தலைவர் ஃபக்கேட்டி பூ கேட்டார், பூ விழுந்தது. 120 நிமிடம் ஓடியவர்களின் தலைவிதியை ஒரு காசு எழுதியதை வெற்றி என்பதா?

பழையபந்து:
பெனால்டி உதைகளால் முடிவு காணும் முறை 1970-இல்தான் விதிக்குள் வந்தது என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள், நண்பரே. அன்றைய விதி இரு அணிகளுக்கும் ஒன்றுதான். தொடக்கத்திலேயே ரிவேரா காயப்பட்டும், மாற்று ஆட்டக்காரரை இறக்க வழியில்லாமல் இத்தாலி தாக்குப்பிடித்ததே, அதற்கு மதிப்பில்லையா?

வலதுவிளிம்பு:
சரி, ரோமில் நடந்த இறுதியாட்டத்துக்கு வாருங்கள். 39-ஆம் நிமிடத்தில் ஜாயிச் அடித்த கோலால் யூகோஸ்லாவியா முன்னிலையில் இருந்தது. 80-ஆம் நிமிடத்தில், இத்தாலியின் டொமென்கினி ஃப்ரீ கிக்கில் கோலடித்துச் சமன் செய்தார். தடுப்புச்சுவரை ஒழுங்குபடுத்தி முடிக்கும் முன்பே உதைத்துவிட்டார் என்று யூகோஸ்லாவியர்கள் முறையிட்டும் பலனில்லை. நடுவர் யார் தெரியுமா? 1966 உலகக் கோப்பை இறுதியில் வெம்ப்ளியில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த சர்ச்சைக்குரிய கோலை அனுமதித்த அதே டீன்ஸ்ட்!

பழையபந்து:
டீன்ஸ்டை விடுங்கள், இரண்டு நாள் கழித்து நடந்த மறுஆட்டத்தைப் பாருங்கள். பயிற்சியாளர் வல்கரெஜி ரீவா, மட்சோலா உட்பட ஐந்து பேரைப் புதிதாக இறக்கினார். யூகோஸ்லாவியா ஒரேயொருவரைத்தான் மாற்றியது. 12-ஆம் நிமிடத்தில் ரீவா அடித்தார். 31-ஆம் நிமிடத்தில் இருபதே வயதான அனஸ்தாசி, கோலுக்கு முதுகு காட்டி நின்றபடி பந்தை எழுப்பி, திரும்பிய வேகத்தில் தரையில் படுமுன் உதைத்தாரே, அதற்கு எந்த நாணயம் உதவியது?

வலதுவிளிம்பு:
அரையிறுதியில் ஃப்ளோரன்ஸில் இங்கிலாந்தோடு முட்டிமோதி வந்து, மூன்று நாளில் இறுதியாட்டத்தில் 120 நிமிடம் ஆடிய யூகோஸ்லாவியாவின் களைப்பையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பழையபந்து:
கொண்டேன். யூகோஸ்லாவியா அரையிறுதியை 90 நிமிடத்தில் முடித்தது. அதே நாளில் இத்தாலி 120 நிமிடம் ஆடியது. கூடுதலாகக் களைத்தவர்கள் யார்?

வலதுவிளிம்பு:
மறுஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த உதையை டீன்ஸ்ட் அனுமதித்திருக்காவிட்டால் மறுஆட்டமே நடந்திருக்காது.

பழையபந்து:
அதற்கு முன் இன்னொரு கோல் போட்டு ஆட்டத்தை முடித்துக்கொள்ள யூகோஸ்லாவியாவுக்குச் சுமார் 40 நிமிடங்கள் இருந்தன. அதைத் தடுத்தது நடுவரல்லர், இத்தாலியின் கோல்காப்பாளர் ஸோஃப்.