6 பாட்டில் தாய்லாந்து சாஸ் வாங்கிவிட்டேன், இனிக்கிறது. கெட்டுப்போனதா?

கீழக்கரைப் பையன்:
எல்லாருக்கும் சலாம், வணக்கம். வெளிநாட்டுக்கு வந்து 3 வாரம் ஆகிறது, சம்பளம் வர இன்னும் 11 நாள் இருக்கிறது. கடையில் மிளகாய்ப் படம் போட்ட சிவப்பு பாட்டில் மலிவாகக் கிடந்தது. சோற்றில் பிசைந்தே மாதத்தை ஓட்டிவிடலாம் என்று 6 அள்ளி வந்தேன். ஒரு கரண்டி வாயில் விட்டால் ஜீரா! அப்புறம் மூக்கில் வினிகர் நெடி. விதைகள் வேறு மிதக்கின்றன. புளித்துப்போன சரக்கா? யாராவது உடனே சொல்லுங்கள், ராத்திரி சாப்பாடு இதை நம்பித்தான்.

தொண்டிக்காரர்:
தம்பி, இதற்கா பயப்படுகிறாய்? 1994இல் நான் ரியாத்தில் இறங்கியபோது ஒரு அறையில் 9 பேர். குப்பூஸ் ரொட்டியும் பச்சை வெங்காயமும்தான் சாப்பாடு. தொட்டுக்கொள்ள சாஸா? தண்ணீர்தான். நீ துபாய்தானே? தேராவில் நம் ஆட்கள் கடை நிறைய இருக்கிறது, நடந்து போய் மீன் சாப்பாடு சாப்பிடு.

மண்டபம் மச்சான்:
அது ஸ்ரீராச்சா. நன்றாக உறைக்க வேண்டுமே! போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

பாங்காக் லாத்தா:
போலியும் இல்லை, ஸ்ரீராச்சாவும் இல்லை. ஸ்ரீராச்சா என்பது அங்கே ஒரு கடலோர ஊரின் பெயரில் வந்த வேறு சாஸ், காரம் தூக்கலாக இருக்கும். தம்பி வாங்கியது ‘நாம் சிம் காய்’ என்கிற சாஸ். கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று நினைக்காதே, தாய்லாந்துக்காரர்களுக்குக் காய் என்றால் கோழி. சுட்ட கோழியைத் தொட்டுத் தின்ன வைப்பது இது. வினிகரில் ஊறிய மிளகாயும் பூண்டும் சர்க்கரைப் பாகில் கிடக்கும், அதனால் முதலில் இனிப்பு, உடனே புளிப்பு, அப்புறம் பூண்டு, கடைசியில் தொண்டையில் மெல்ல ஒரு காரம். விதை மிதக்கத்தான் செய்யும். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது நுரைத்தாலோதான் பயப்பட வேண்டும். நானும் வந்த புதிதில் இதை நக்கிப் பார்த்துவிட்டு, உம்மா அரைக்கும் முண்டு மிளகாய்த் துவையலை நினைத்து அழுதிருக்கிறேன். இப்போது என் பிள்ளைகளுக்கு இது இல்லாமல் கோழி இறங்காது.

மண்டபம் மச்சான்:
நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கொடுத்து என்ன? இங்கே கடையில் கேட்டால் காஷ்மீரி மிளகாயை நீட்டுகிறான்.

தேவிபட்டினம் அண்ணன்:
சாஸை வீணாக்காதே தம்பி. மீன் குழம்பில் அரை பாட்டில் ஊற்று, புளி கரைக்கவே வேண்டாம்.

பாம்பன் அக்கா:
அண்ணே, அது குழம்பா, பாயசமா? இதை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பாகாகி அடிப்பிடிக்கும். பொரித்த மீனுக்கு மேலே தடவலாம், அதுவும் இறக்குகிற நேரத்தில்.

தொண்டிக்காரர்:
பொரிக்க விடுவார்களா என்று கேளுங்கள். மகன் வீட்டில் 2 நெத்திலிக் கருவாடு போட்டேன், புகை மணி அலறி மாடிவாசிகள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். வீட்டுக்காரன் இன்னும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

மண்டபம் மச்சான்:
எனக்குக் கருவாடே வந்து சேரவில்லை. விமான நிலையத்திலேயே குப்பையில் போட்டார்கள். அனுப்பிய ஏஜென்ட் ‘எல்லாம் கொண்டு போகலாம்’ என்றார். வேலையைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்.

கீழக்கரைப் பையன்:
துபாய் இல்லை காக்கா, போலந்து. அறையில் அடுப்பு கிடையாது, ரைஸ் குக்கர் மட்டும்தான். பாட்டிலின் பின்பக்கம் முதல் பொருளாகவே சர்க்கரை போட்டிருக்கிறது. எனக்கு லேசாகச் சர்க்கரை உண்டு என்று ஊரில் டாக்டர் சொன்னார்.

பாம்பன் அக்கா:
இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் கூடாதா தம்பி! பொருள் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும், அப்படியென்றால் இது சோற்றில் பிசையும் சமாச்சாரமே இல்லை. 100 கிராமில் எவ்வளவு சர்க்கரை என்று அதன் பக்கத்திலேயே போட்டிருக்கும், பார். திறக்காத 5 பாட்டிலையும் பில்லோடு கொண்டு போய்க் கேள். கெடாத பொருளைத் திரும்ப எடுப்பது கடைக்காரர் விருப்பம்தான், ஆனால் கேட்பதற்குக் காசா பணமா. ராத்திரிக்கு அரிசி வேகும்போதே 2 முட்டையைக் கழுவி மேலே வை. ஒரு தேக்கரண்டி சாஸில் பாதி எலுமிச்சையைப் பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கலக்கு. இனிப்பு அடங்கிவிடும். முட்டையைத் தொட்டுச் சாப்பிடு, சோற்றில் ஊற்றாதே. டின் சாளை மலிவு என்றால் ஒன்று வாங்கி, வெங்காயம் அரிந்து போட்டுப் பிசை. திறந்த பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். அப்புறம், நாளைக்குக் கம்பெனியில் முன்பணம் கேள். வெட்கப்படாதே, எல்லாரும் கேட்டவர்கள்தான்.

பாங்காக் லாத்தா:
எலுமிச்சை யோசனை நல்லது. ஹலால் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

கீழக்கரைப் பையன்:
முத்திரை இருக்கிறது. முட்டையோடு தொட்டுப் பார்த்தேன், எலுமிச்சை சேர்ந்ததும் பரவாயில்லை, அந்த ஜீரா ஞாபகம் வரவில்லை. முன்பணம் நாளைக்குக் கேட்கிறேன். பில் கிடைத்தது, ஆனால் சட்டையோடு துவைத்துவிட்டேன், பாதி எழுத்து இல்லை. காட்டலாமா?

பாம்பன் அக்கா:
தேதியும் கடைப் பெயரும் தெரிந்தால் காட்டு. காசு தரமாட்டேன் என்றால் வேறு சாமானாக மாற்றித் தரச் சொல். பருப்பு எடு.